வடிவு உயிரோடுதான் இருக்கிறாள்

செப்டம்பர் 3

நேற்று பிற்பகல் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருக்கிறது. வாய்க்குள்ளே அண்ணமும் பிளந்திருக்கிறது. எழுதிவிட்டேன், இவ்வளவுதான் விஷயம். இதை என்னிடம் சொல்வதற்கு ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு மென்று முழுங்கினார்கள். நர்ஸ் டாக்டரைப் பார்க்கிறாள், டாக்டர் சுவரைப் பார்க்கிறார், என் வீட்டுக்காரர் தங்கமாரி தன் செருப்பைப் பார்க்கிறார். நான் கத்தின பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் முகத்தைத் துண்டால் மூடி. மூக்கை மூடினால் பிள்ளை எப்படி மூச்சு விடும்? அறிவு வேண்டாமா?

மூன்று ஸ்கேன் எடுத்தேன். மூன்றிலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள். இப்போது கேட்டால், பிள்ளை கையை முகத்தில் வைத்திருந்தால் சில நேரம் தெரியாதாம். பிள்ளை மேலேயே பழி.

சேனை விஷயத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யாராவது சீனித்தண்ணி தொட்டு வைப்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அத்தை, அதாவது என் மாமியார், எனக்கு ஏழு மாதம் ஆனதிலிருந்தே "சேனை நான்தான் வைப்பேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கிண்ணத்தை மகள் கனகுவின் கையில் கொடுத்தார். கனகு அதைத் தன் அண்ணன் தங்கமாரி கையில் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் மேல் வைத்தார். அப்போது பார்த்து நர்ஸ் வந்து, "இந்தச் சீனித்தண்ணியெல்லாம் வைக்கக் கூடாது" என்று சத்தம் போட்டாள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

வைக்கக் கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தராவது கையை நீட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 6

மார்பில் வைத்தால் உறிஞ்ச முடியவில்லை. முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து தூங்கிப்போகிறாள். ஸ்பூனில் விட்டால் பாதி மூக்கு வழியாக வருகிறது. முதல் தடவை அப்படி வந்தபோது நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

பக்கத்துக் கட்டில்காரி, "இது தங்காதுக்கா, மனசைத் தேத்திக்கோங்க" என்றாள். உன்னை யாராவது கேட்டார்களா? உன் பிள்ளைக்கு நீ தேறிக்கோ.

மதுரையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம். சாயங்காலம் வந்த சின்ன டாக்டர் சொன்னார். இந்த ஐந்து நாளில் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னவர் அவர்தான்.

செப்டம்பர் 10

மதுரைக்குத் தங்கமாரியின் லோடு ஆட்டோவில் போனோம். அவர் உள்ளே வரவில்லை. வண்டியை விட்டுட்டு எப்படி வர, டீ குடிச்சுட்டு இங்கேயே நிக்கேன் என்றார். அந்த வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

அருள்மேரி என்று ஒரு சிஸ்டர். பிள்ளையை வாங்கி, துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "வாங்க மேடம், பசியா?" என்று கேட்டார். என்னைக் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்றேன். பிள்ளையைத்தான் கேட்டிருக்கிறார்.

"படுக்கப் போட்டு ஊட்டாதீங்க. நிமித்தி உக்கார வச்ச மாதிரி பிடிங்க. பாலைப் பீய்ச்சி, இந்த மூக்கு வச்ச சின்னக் கிண்ணம் இருக்குல்ல, பாலாடை, இதுல எடுத்து, கன்னத்துப் பக்கமாக் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. முழுங்கிட்டாளான்னு பாத்துட்டு அடுத்தது. நடுநடுவுல தோள்ல போட்டுத் தட்டுங்க, காத்து நெறைய முழுங்குவா. மூக்குல பால் வந்தாப் பதறாதீங்க. அண்ணத்துல வழி இருக்கு, அதனால வருது. தொடச்சுட்டுத் திரும்பக் கொடுங்க."

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு வாரமாக ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் பிள்ளை ஒரு வாரம் பட்டினி கிடந்திருக்கிறாள்.

நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டேன். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது, சனியன்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. வயித்துக்குள்ள முகம் ரெண்டு பக்கமிருந்தும் வளந்து நடுவுல ஒட்டணும். உதடு ரெண்டாம் மாசத்துக்குள்ள, அண்ணம் மூணாம் மாசத்துக்குள்ள. சில பிள்ளைகளுக்கு ஒட்டாம நின்னுருது. ஏன்னு பெரும்பாலும் யாராலயும் சொல்ல முடியாது."

ஐந்து கிலோ எடை வந்து, இரத்தம் நன்றாக இருந்து, சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் உதட்டுக்கு ஆபரேஷன். அண்ணத்துக்கு ஒரு வயது வாக்கில். பிறகு பேச்சுப் பயிற்சி, காது, பல் எல்லாம் பார்க்க வேண்டும். இலவசமாகவே செய்கிறார்களாம். இப்போது இரண்டரைக் கிலோகூட இல்லை. குடித்த அளவை எழுதி வரச் சொன்னார்கள். எழுதுகிறேன். நடுவில் என் வயிற்றெரிச்சலையும் எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 16

அம்மா இல்லாத வீடு என்பதால் பேறுகாலத்துக்கு அப்பாதான். முப்பது வருடம் பரோட்டா போட்ட கை. எனக்கு வைக்கிற பூண்டுக் குழம்பில் சால்னா வாசம் அடிக்கிறது. சொன்னால் முகம் வாடிவிடும் என்று தின்றுதொலைக்கிறேன்.

இன்று அத்தை வந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? ரேஷன் கடையில போயி கத்தியை எடுத்து மூட்டையை அறுத்திருக்க. நீ மூட்டையவா அறுத்த?"

ஆமாம், அன்றைக்கு அரிசி லோடு வந்தது, லீவு கொடுக்கவில்லை, மூட்டையைப் பிரிக்கச் சாக்குத் தையலை அறுத்தேன். பதினோரு வருடமாக ரேஷன் கடையில் நிற்கிறேன், பல்லால் கடித்தா பிரிப்பார்கள்?

"அத்தை, கிரகணம் வந்தது எனக்கு ஆறாம் மாசம். உதடு ரெண்டாம் மாசமே ஒட்டணுமாம். ஆறாம் மாசத்துக் கத்தி ரெண்டாம் மாசத்து உதட்டை எப்படி அறுக்கும்? கணக்கு உதைக்குதுல்ல?"

"எல்லாத்துக்கும் வாய்."

"எம்பிள்ளைக்கும் சேத்து நான்தான பேசணும்."

காப்பி குடிக்காமலே போய்விட்டார். அப்பா போட்ட காப்பி, நல்லவேளை அவருக்கு.

செப்டம்பர் 25

பெயர் வைத்தாகிவிட்டது. வடிவு. என் அம்மாவின் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒரு வடிவு இருப்பாள். தங்கமாரி போனில், "வடிவுன்னா அழகுன்னுல்லா அர்த்தம். ஊர் சிரிக்காதா ஈஸ்வரி?" என்கிறார். சிரிக்கட்டும். சிரித்த பல்லை எண்ணிக் கையில் கொடுக்கிறேன்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. வடிவுக்கு மட்டும் இல்லை. யாரும் வைக்கவும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து கண்மையை எடுத்து இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், உள்ளங்காலிலும் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 4

துணி, துண்டு, பாலாடை, சுடுதண்ணீர். மறுபடி துணி. எழுத நேரமில்லை.

அக்டோபர் 13

எடை பார்க்க எங்கள் ரேஷன் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். எனக்குப் பதிலாக நிற்கிற பையன் சுந்தரவேலு தராசைத் துடைத்துத் துணி விரித்துக் கொடுத்தான். மூன்று கிலோ இருநூறு. மூன்றரையாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"உன் தராசு சரியில்ல. திரும்பப் போடு."

"அக்கா, எடை குறையுதுன்னு சண்டைக்கு வாறவுககிட்ட நீங்கதான சொல்லுவீங்க, மெஷின் பொய் சொல்லாதுன்னு."

மூன்று தடவை போட்டோம். மூன்று தடவையும் அதே மூன்று இருநூறுதான். தராசை ஒரு தட்டுத் தட்டினேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், எத்தனை வருசமா நாங்க இப்படி நின்னிருப்போம் என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வடிவும் சிரித்தாள். சிரித்தால் அவள் வாய் காது வரைக்கும் விரிகிறது. முகம் முழுக்கச் சிரிப்பாகிவிடுகிறது.

அக்டோபர் 28

கனகுவுக்குச் சாத்தூரில் இடம் கூடியிருக்கிறது. நல்ல இடம், ஒரே பையன், தைக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். சந்தோசம். இதைச் சொல்ல மட்டும் தங்கமாரி கூப்பிடவில்லை.

"கல்யாணம் முடியிற வரைக்கும் நீ அங்கயே இரு ஈஸ்வரி. அவுக வருவாக, போவாக. பிள்ளையைப் பாத்தா, வம்சத்துல இப்படி வருமோன்னு..."

"சொல்லி முடிங்க. வருமோன்னு?"

"நான் நினைக்கல. அவுக நினைப்பாக."

"நீங்க என்ன நினைக்கீக?"

லோடு ஏற்றுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அவருக்குப் பதில் வராத நேரமெல்லாம் லோடு ஏற்றுவார்கள்.

நவம்பர் 9

பஸ்ஸில் மதுரை போய் வந்தோம், நானும் அப்பாவும். வழியெல்லாம் ரோட்டு வேலை, ஒரே தூசி. அதனால் வடிவு முகத்தில் துண்டைப் போட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "பாப்பா முகத்தைக் காட்டுங்க" என்றாள். தூங்குகிறாள் என்றேன். வடிவு உள்ளேயிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஊரான் பிள்ளை முகம் இவளுக்கு எதற்கு?

ஜன்னல் சாத்தியிருந்தது என்கிறார் அப்பா. இந்த மனிதருக்குத் தேவையில்லாததெல்லாம் கண்ணில் படும்.

நவம்பர் 22

சளி. மூக்கும் அடைத்து, வாயும் இப்படியிருந்தால் பிள்ளை எதால் மூச்சு விடும், எதால் குடிக்கும்? ஒரு பாலாடை உள்ளே போக முக்கால் மணி நேரம். எடை குறைந்திருக்கிறது. நான்கு கிலோ வந்தது, இப்போது நான்கு இல்லை. சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும்.

அப்பா ஊட்டப் பழகிக்கொண்டார். மடியில் நிமிர்த்தி வைத்து, கழுத்தை ஒரு கையில் தாங்கி, பாலாடையைச் சாய்த்து, அவள் முழுங்குகிறவரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையின் அப்பன் வாரத்துக்கு ஒருமுறை போனில் "பிள்ளை எப்படி இருக்கு" என்கிறார். இருக்கு.

டிசம்பர் 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த பருத்திச் சேலை, தலையில் பூ இல்லை. வாசலில் "இருக்கீகளா" என்றுகூடக் கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"குடுத்து வைக்கலையே தாயி. சின்ன வயசு உனக்கு. சாமி மறுபடியும் கொடுக்கும்."

உதட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒப்பாரி வைக்க வந்த இன்னொரு ஆள் என்று நினைத்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏன், இருக்கிறதுக்கு என்ன? இன்னொண்ணு எதுக்கு?"

"அழுதுரு தாயி. உள்ள வச்சுக்கிடாத."

"யாரு நீங்க?"

"நான் சாத்தூரு. உங்க கனகுவைக் கேட்டிருக்கோம்ல, மாப்பிள்ளையோட அம்மா, செண்பகம். பிள்ளை பிறந்து தங்கலைன்னு உங்க மாமியா சொன்னாக. நல்லது பேசுறதுக்கு முந்திக் கெட்டதை விசாரிக்கணும்ல. துக்கம் கேக்காம அந்த வீட்டுல எப்படிப் பூ வைக்க? உங்க மாமியா, அதெல்லாம் வேண்டாம், அவ இன்னும் அழுதுக்கிட்டே இருக்கா, பாக்காதீகன்னாக. எனக்கு மனசு கேக்கல. விசாரிச்சு நானே வந்துட்டேன்."

தங்கலை. என் பிள்ளை தங்கலை என்று சொல்லியிருக்கிறார்கள். சாவு வீடு என்று சொன்னால் அந்த அம்மா துக்கம் கேட்க வராமல் இருக்க மாட்டார்கள் என்பதுகூடவா அத்தைக்குத் தெரியாது? முறை முறை என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர்!

உள்ளே தொட்டிலில் வடிவு எழுந்து அழுதாள். அந்த அம்மா கையை விட்டார்கள்.

"யாரு பிள்ளை அது?"

"எம்பிள்ளை. செத்துப்போச்சுன்னு சொன்னாகள்ல, அந்தப் பிள்ளைதான்."

தூக்கிக்கொண்டு வந்தேன். துண்டு போடவில்லை. அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் நிமிர்த்தி வைத்துப் பாலாடையில் ஊட்டினேன். மூக்கில் பால் வந்தது. துடைத்தேன். மறுபடி ஊட்டினேன். அந்த அம்மா எழுந்து போகவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. முழுசும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பசியாறுதா?"

"ஆறும். நேரமாகும்."

"தச்சிருவாகளா?"

"அஞ்சு கிலோ வந்துட்டாத் தச்சிருவாக."

பிறகு சொன்னார்கள். "உதடு இப்படி இருக்குன்னு சொல்லியிருந்தா வந்து பாத்துட்டு, பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்துட்டுப் போயிருப்பேன். உசுரோட இருக்கிற பிள்ளையைச் செத்துப்போச்சுன்னு சொல்ற வீட்டுல எப்படித் தாயி பொண்ணெடுக்க? நாளைக்கு எம்பேரப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்ன சொல்லுவாக?"

கனகு நல்லவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வாய் நிறையக் கோபம் இருந்தது.

வெறுங்கையோடு வந்துவிட்டேன், துக்க வீடு என்று ஒன்றும் வாங்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள். துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். இந்த அம்மா வாசலில் நின்று, திரும்பி, வடிவைப் பார்த்து, "போயிட்டு வாரேன் கண்ணு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 7

தங்கமாரியைக் கூப்பிட்டேன்.

"நீங்களா சொன்னீங்க?"

"நான் சொல்லல. அம்மா சொல்லிட்டா. அவுக பிள்ளையைப் பாக்கணும்னாக, அம்மா என்ன சொல்லன்னு தெரியாம..."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல உக்காந்து என்ன செஞ்சீங்க?"

"காப்பி குடிச்சேன்" என்றார்.

காப்பி குடித்திருக்கிறார்.

பிறகு அத்தை போனைப் பிடுங்கினார். "எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"மண்ணள்ளிப் போட்டது நீங்க அத்தை. எம்பிள்ளை மேல. அதுவும் உசுரோட."

போனை வைத்துவிட்டு, இருந்த பாத்திரத்தையெல்லாம் இன்னொரு தடவை விளக்கினேன். நேற்றிலிருந்து பால் சரியாகச் சுரக்கவில்லை. இவர்கள் மேல் வந்த கோபத்தில் என் பிள்ளையின் சாப்பாடு வற்றுகிறது. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது. அப்பா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிக்கிறவரை நின்றார். இதில் சால்னா வாசம் இல்லை.

டிசம்பர் 15

கனகு தனியாகப் பஸ் ஏறி வந்தாள். சாத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் போனை எடுப்பதில்லையாம்.

"எனக்கும் தெரியும் மதினி. அம்மா சொல்லும்போது நானும் உள்ளதான் இருந்தேன். வாயைத் திறக்கல. இடம் கை நழுவிருமோன்னு."

அவளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, "நான் ஒருவாட்டி ஊட்டட்டுமா?" என்றாள்.

"கழுத்தைப் பிடி. அப்படியில்ல, நிமித்து. மூக்குல வந்தாப் பதறக் கூடாது. வாயைப் பொத்திக்கிட்டு அழு, பால் கொட்டுது பாரு."

ஊட்டிவிட்டாள். மோசமில்லை. சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா வைத்த ரசத்தில் புளி அதிகம், வேறொன்றுமில்லை.

ஜனவரி 10

ஐந்து கிலோ நூறு! சுந்தரவேலுவின் தராசு வாழ்க. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினேன். ஒரு கிழவர் கை தட்டினார். ஓர் அம்மா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். உங்கள் கார்டைக் கொடுங்கள், அடுத்த மாசம் நான் வேலைக்கு வந்துவிடுவேன் என்றேன். திரும்பிவிட்டார்.

ஜனவரி 21

மதுரை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சளி இல்லை, இரத்தம் நன்றாக இருக்கிறது, நாளைக் காலை ஆபரேஷன்.

சேர்க்கிற இடத்தில் இருந்த பெண் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தாள். பிள்ளை பெயர் வடிவு. அம்மா பெயர் சங்கரேஸ்வரி. "அப்பா வந்திருக்காரா?"

"இல்ல. செத்துட்டாரு."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அந்தப் பெண் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். தங்கமாரி நிற்கிறார். கையில் ஒரு பை, அதில் பிள்ளைத் துணி. நாங்கள் வருவதை அப்பா சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருக்க மாட்டாரே.

"நான்தான் மேடம் பிள்ளையோட அப்பா. உசுரோடதான் இருக்கேன்" என்றார்.

"எம்மகளும் அன்னைக்கு உசுரோடதான் இருந்தா" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பாதான் கொடுத்தார். பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

ஜனவரி 22

உள்ளே கொண்டுபோனார்கள். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்பதால் பசியில் கத்திக்கொண்டே போனாள். சத்தம் என் சத்தம்தான். சேனை வைக்காமலே வந்துவிட்டது.

ஜனவரி 25

தையல் அழகாக விழுந்திருக்கிறது. மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான். கையைக் கொண்டுபோய்த் தையலைப் பிய்த்துவிடாமல் இருக்க, முழங்கையை மடக்க முடியாதபடி அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு எல்லாரையும் முறைக்கிறாள். பாலாடையில்தான் ஊட்ட வேண்டும். தங்கமாரி கற்றுக்கொள்கிறார். முதல் நாள் பாதியைத் தன் சட்டையில் ஊட்டினார். நான் பேசவில்லை, கையைப் பிடித்துச் சரியாக வைத்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அத்தை வீடியோவில் வந்தார். பார்த்துவிட்டு, "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கா" என்றார். இத்தனை மாதமாக நான் வளர்த்தது என்ன, பூனைக்குட்டியா? போனைத் தங்கமாரியிடம் கொடுத்தேன். அவர், "அவ அன்னைக்கும் பிள்ளைதான்ம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மத்தியானம் வடிவு லேசாகச் சிரித்தாள். வலிக்கும் போல, பாதியில் நிறுத்திவிட்டாள். அது வேறு சிரிப்பு. சின்னது, வாய்க்குள் அடங்குகிறது. முகம் முழுக்க விரிகிற அந்தச் சிரிப்பு இனி வராது. எனக்குத் திடீரென்று அது வேண்டும் போல இருந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். இத்தனை நாள் இதற்காகத்தானே காத்துக் கிடந்தேன், இப்போது என்ன எழவுக்கு அழுகிறேன்?

கனகு போனில், "பழைய போட்டோ ஒண்ணு அனுப்புங்க மதினி, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்றாள். என் போனில் தேடினேன். பாதத்தை எடுத்திருக்கிறேன். விரலை எடுத்திருக்கிறேன். பிடரி முடி. தொட்டிலில் தூங்குகிறாள், முகம் அந்தப் பக்கம். மடியில் இருக்கிறாள், துண்டு. முகம் ஒன்றில்கூட இல்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பாலாடை, போட்டோ எடுக்க எனக்கு மூன்றாவது கையா இருக்கிறது? தங்கமாரியைக் கேட்டேன், அவரிடமும் இல்லை. அப்பாவிடம் பட்டன் போன். ஒருத்தருக்குமா தோன்றவில்லை!

அருள்மேரி சிஸ்டரிடம் கத்தினேன். பாவம், அவர் மேல் எதற்குக் கத்தினேனோ. "ஆபரேஷனுக்கு முந்தி நாங்க எடுப்போமே" என்று தேடி, பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைத் துணியில் படுத்து, யாரையோ பார்த்து, வாய் முழுக்கத் திறந்து, அந்தச் சிரிப்பு. பிளந்த உதடு, உள்ளே நாக்கு, எல்லாம் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் நேராகப் பார்த்து எத்தனை நாளாகிறது, வேலைதான் ஒழியவில்லையே.

சட்டம் போட்டு வாங்கி வரச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். நடுவீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் கண்ணில் பட வேண்டும் என்றேன். அப்பா தயங்கினார்.

"சுவத்துல ஒத்தையாப் படம் மாட்டுறது செத்தவுகளுக்குல்லா தாயி?"

"ஊரெல்லாம் செத்தவுகளுக்கு மாட்டட்டும்ப்பா. நம்ம வீட்டுல உசுரோட இருக்கிறவளுக்கு மாட்டுவோம். நீங்க ஆணியை அடிங்க."